முடி வெட்டி முடியும்வரை

அந்த மண்டபத்துக்கு யாரும் விரும்பி வருவதில்லை. இறந்தவரைப் பின்கட்டில் இருக்கும் தகன அறைக்கு அனுப்புவதற்கு முன்னால், உறவும் நட்பும் கடைசியாக ஒருமுறை முகம் பார்த்துவிட்டுப் போகிற இடம் அது. உயரமான ஜன்னல்கள், வரிசையாக மர நாற்காலிகள், முன்னால் பெட்டியை வைக்க ஒரு மேடை, மேடைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு திரை. திரையை இழுக்க ஒரு பொத்தான்; திரை விலகினால் பெட்டி பின்கட்டுக்குப் போய்விடும். அந்தப் பொத்தானை அழுத்துவது நாற்காலியக்காவின் வேலை.

நாற்காலியக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது சவ வண்டியின் ஓட்டுநர். யார் உள்ளே நுழைந்தாலும் அவள் வாயிலிருந்து வருகிற முதல் சொல் ‘உக்காருங்க’ என்பதுதான். மாரில் அடித்துக்கொண்டு வந்தாலும் சரி, பங்காளிச் சண்டையை வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்தாலும் சரி, முதலில் நாற்காலி, பிறகு தண்ணீர், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பதிலுக்கு அவள் ஓட்டுநருக்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்தாள். சைக்கிள்காரர்கள்கூட அவர் வண்டியை முந்திக்கொண்டு போவார்கள். என் வண்டியில் ஏறியவர் யாரும் இதுவரை சீக்கிரம் போ என்று சொன்னதில்லை என்பது அவர் கட்சி.

மேடைக்கு இடப்பக்கம் ஒரு பியானோ நின்றது. மகளைப் பறிகொடுத்த ஒரு குடும்பம், வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கமுடியாமல் மண்டபத்துக்குக் கொடுத்தது. வாசிக்க ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்ததும் பியானோவின் மேல் துணி ஏறியது, துணியின் மேல் தண்ணீர் ஜாடி ஏறியது. அதிலிருந்து மேலாளர் தன் கைப்பேசியில் வைத்திருந்த ஏதோ ஓர் இசையை ஒலிபெருக்கியில் போட ஆரம்பித்தார்.

அந்த இசை எல்லாருக்கும் ஒரே நீளம். சாவு அப்படி இல்லையே. நாலு பேர் மட்டும் வந்த இடத்தில், எல்லாரும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கூட்டம் வந்த இடத்தில் வரிசை பாதி இருக்கும்போதே தீர்ந்துபோய், மறுபடி முதலிலிருந்து கிளம்பும். எப்படியானாலும் கடைசியில் அதை நடுவில் நிறுத்தவேண்டியவள் நாற்காலியக்காதான். அப்படி அறுபடும் சத்தம் அவளுக்கு ஆகவே ஆகாது. பேசிக்கொண்டிருக்கிறவர் வாயைப் பொத்துகிற மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போன பிறகும் அது காதுக்குள்ளேயே நிற்கும்.

ஒருநாள் ஒரு பள்ளி ஆசிரியையின் மாணவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, மேலாளரை அவர் மைத்துனர் கைப்பேசியில் கூப்பிட்டார். கல்யாண ஊர்வலத்துக்கு ஏற்ற துள்ளல் பாட்டு ஒன்று ஒலிபெருக்கி வழியாக மண்டபம் அதிர எழுந்தது. மேலாளர் ஓடி வருவதற்குள் பாட்டு பல்லவியைத் தாண்டிவிட்டது. ஆசிரியையின் கணவர் கோபப்படவில்லை. திரும்பி ஒலிபெருக்கியைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நாற்காலியக்காவுக்குத் தோன்றியது.

பியானோவுக்குச் சுருதி சேர்க்க ஒருவர் எப்போதாவது வருவார். கொடுத்த குடும்பத்தின் ஏற்பாடு அது. நாற்காலியக்காவைவிட ரொம்ப இளையவர், வாய் ஓயாதவர். அந்த முறை அவர் வந்து தந்திகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் துடைப்பக் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றாள். தனக்கு ஒரு பாட்டும் தெரியாது, எழுதிய இசையைப் படிக்கவும் தெரியாது, எதுவுமே தெரியாமல் இதில் ஏதாவது வாசிக்க முடியுமா என்று கேட்டாள். சுருதிக்காரர் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் வாசிக்கவேண்டும் என்று திருப்பிக் கேட்டார்.

"அதுதான் தெரியாது. ஆளுங்க எழுந்திரிக்கிற வரைக்கும்."

"அப்போ பாட்டு கத்துக்காதீங்க," என்றார் அவர். "பாட்டுக்கு ஒரு அளவு உண்டு. வேணுங்கிற வரைக்கும் இழுக்க, வேணுங்கிறப்ப நிறுத்த நீங்களே முடிவு பண்ற மாதிரி வாசிங்க. வெள்ளைக் கட்டைய எல்லாம் மறந்துடுங்க. கறுப்பு மட்டும். அதுல எதத் தொட்டாலும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாது."

இடது கையால் இரண்டு கறுப்புக் கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். வலது கை ஒரே ஒரு விரலோடு மற்றக் கறுப்புக் கட்டைகளின் மேல் நடக்கட்டும் என்றார். அவசரமில்லை, பக்கத்துக் கட்டைக்குப் போனால் போதும், தாண்டிக் குதிக்கவேண்டாம். அவற்றில் ஒன்றை வீடு என்று வைத்துக்கொள்ளவேண்டும். எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கே வந்து சேர்ந்தால் கேட்பவருக்கு முடிந்தது என்று புரியும். விரல் வழுக்கி வெள்ளையில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். பயந்து ஓடக்கூடாது, அதே கட்டையை இன்னொரு தடவை தொடவேண்டும், அப்போது அது வேண்டுமென்றே தொட்டதாகிவிடும் என்றார். நம் வீட்டு மாப்பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தானே சமாளிக்கிறார்கள் என்று நாற்காலியக்கா நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து காலையில் தரையைத் துடைத்து, அது காயும்வரை அவள் பியானோவின் முன்னால் உட்கார்ந்தாள். துடைப்பம் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். முதலில் கீழிருந்து மேலே போனாள், மேலிருந்து கீழே வந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நிதானம், மாடிப்படியைக் கழுவுகிற மாதிரி இருக்கிறது என்றார். அவர் சொன்னது உண்மைதான். சத்தம் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. ஆனால் ஒன்றோடொன்று பேசவும் இல்லை.

சில வாரம் அப்படியே போனது. வீட்டில் மகள் சின்ன வயதில் வாசித்த மின்சாரக் கீபோர்டு பரணில் கிடந்தது. அதை இறக்கித் தூசி தட்டினாள். மகள் பல வருடம் வகுப்புக்குப் போனவள், தேர்வெல்லாம் எழுதியவள், ஒருநாள் போதும் என்று மூடி வைத்தவள். அம்மா தட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

"எந்தப் பாட்டும்மா இது?"

"எந்தப் பாட்டும் இல்ல."

"அப்புறம் எப்படி சரியா வாசிச்சமா இல்லையான்னு தெரியும்?"

மகள் நக்கலாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே அது புரியவில்லை. குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கணவர் மட்டும், சத்தம் வருகிறதா, அப்படியென்றால் ஓடுகிறது என்று அர்த்தம் என்றார்.

வழி ஒருநாள் தானாகத் திறந்தது. கையைக் கட்டைகளின் மேல் வைத்துக்கொண்டு யோசனையில்லாமல் இருந்தவள், வாய்க்குள் தன் வழக்கமான சொல்லைச் சொல்லிப் பார்த்தாள். உக்காருங்க. அந்தச் சொல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று விரலுக்குத் தெரிந்தது. நாலு கட்டையில் அது வந்துவிட்டது. அடுத்து, தண்ணி குடிக்கிறீங்களா. கேள்வி மேலே போய் நின்றது. அதற்கு ஒரு பதில் வேண்டும்போல இருந்தது. வேண்டாம்மா என்று கீழே இறங்கினாள். பின்வரிசையில் நிதானம் நிமிர்ந்து உட்கார்ந்தார். யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

அதன் பிறகு அவள் ஊர்ப் பேச்சையெல்லாம் கட்டையில் போட்டுப் பார்த்தாள். போயிட்டு வரேன் என்பதும் போறேன் என்பதும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. திட்டுவது குதிக்கும். கெஞ்சுவது ஒரே இடத்தில் நின்று திரும்பத் திரும்பத் தட்டும். ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னால், கேட்கிறவர் முதல் வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டு காத்திருப்பார் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தானே கண்டுபிடித்தது தனி ருசி.

மேலாளர், துள்ளல் பாட்டுக்குப் பிறகு அடி வாங்கிய மனிதர், சரி வாசித்துப் பாருங்கள் என்றார். ஆழம் தெரியாமல் காலை விட்டாள். முதல்முறை வந்தது ஒரு பெரிய குடும்பம். மண்டபம் நிறையத் தலைகள். அவளுக்குக் கை வியர்த்தது, விரல் வழுக்கியது, வழுக்கிய கட்டையை மறுபடி தொட மறந்து பயந்து ஓடினாள். ஓடிய இடமும் தப்பு. வீடு எது என்பதே மறந்துபோனது. முடிக்கத் தெரியாமல் அப்படியே கையை எடுத்துவிட்டாள். ஒலிபெருக்கி அறுபடுவதைவிட அது மோசமாக இருந்தது. இறந்தவரின் மருமகன் வெளியே வந்து, வாசிக்கத் தெரியாதவர்களை எதற்காக உட்கார வைக்கிறீர்கள் என்று மேலாளரிடம் கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை. அவளுக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது.

துணி மறுபடி ஏறியது. ஜாடியும் ஏறியது. நிதானம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். உன் வாசிப்பைக் கேட்டு யாராவது எழுந்து உட்கார்ந்தார்களா, இல்லையே, அப்புறம் என்ன என்றுகூடச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. காலையில் தரை காயும்வரை வாசலில் போய் நிற்க ஆரம்பித்தாள்.

முடிதிருத்துபவர் வந்தது அதற்குப் பிறகு, மழை பெய்த ஒரு முற்பகலில்.

அவரோடு வந்தவர் ஒரே ஒருவர்தான், அடுத்த கடைத் தையல்காரர். பெட்டியில் இருந்தவர் முடிதிருத்துபவரின் அண்ணன். கல்யாணம் கட்டாத இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கடையை நடத்தியவர்கள், ஒரே வீட்டில் இருந்தவர்கள். அண்ணன் பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாற்காலியக்கா வழக்கம்போல உட்காரச் சொன்னாள், அவர் உட்காரவில்லை. நேராகப் பெட்டியருகே போனார். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் கோணியது. அழப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"வகிடு மாத்தி எடுத்திருக்காங்க," என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் யாரோ ஈரச் சீப்பால் இழுத்து வாரிவிட்டிருந்தார்கள். முடி காதை மூடி வளர்ந்து, பிடரியில் சுருண்டு கிடந்தது. அங்கேயே வெட்டிவிட அனுமதி கேட்டேன், விடவில்லை என்று தையல்காரரிடம் சொன்னார். ஊருக்கெல்லாம் தலை திருத்திய மனிதன் இப்படிப் போகலாமா என்றார். பிறகு நாற்காலியக்காவின் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் கிடைக்குமா என்று கேட்டார். தோளில் தொழில் பை தொங்கிக்கொண்டிருந்தது.

மேலாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தார். அடுத்த குடும்பம் வர இன்னும் நேரம் இருந்தது, ஆனால் நிறைய இல்லை. நாற்காலியக்கா யாரையும் கேட்கவில்லை. மடித்த துணி ஒன்றைக் கொண்டுவந்து பிடரிக்குக் கீழே வைத்துத் தலையை உயர்த்திக் கொடுத்தாள். தையல்காரர் இரண்டு கையாலும் தலையைத் தாங்கிக்கொண்டார். முடிதிருத்துபவர் வெள்ளைத் துணியை உதறி அண்ணனின் மார்பில் போட்டார், கழுத்தைச் சுற்றிச் செருகினார், கத்தரியை எடுத்தார். இரண்டு முறை வெட்டினார். நிறுத்தினார்.

அந்தக் கூடத்தின் நிசப்தத்தில் கத்தரியின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அதைத் தாங்க முடியவில்லை. அவர் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"கடையில எப்பவும் ரேடியோ ஓடும்மா. சத்தமில்லாம நான் வெட்டினதே இல்ல. கை ஓடமாட்டேங்குது. எதையாவது போடுங்களேன்."

போடுவதற்கு எதுவும் இல்லை. மேலாளரோடு அவர் கைப்பேசியும் போயிருந்தது. நாற்காலியக்கா ஜாடியை எடுத்துக் கீழே வைத்தாள். துணியை விலக்கினாள். தனக்குப் பாட்டு எதுவும் தெரியாது என்று சொன்னாள். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

இடது கையால் இரண்டு கட்டைகளை அழுத்திப் பிடித்தாள். அந்த ஓசை எழுந்து கூடத்தின் மூலைகளுக்குப் போய்ப் படிந்தது. வலது கையின் ஒரு விரலால், உக்காருங்க என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னாள். கத்தரி ஒருமுறை அசைந்தது. அவள் காத்திருந்தாள். மறுபடி அசைந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, இன்று வாக்கியத்தைத் தான் தேடவேண்டியதில்லை. கேள்வியைக் கத்தரி கேட்கிறது. பதில் சொன்னால் போதும்.

அவள் கட்டைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் கையைப் பார்த்தாள். காதோரம் வரும்போது அவர் மெதுவாகப் போனார், அவளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டையாக மெதுவாகப் போனாள். உச்சியில் கை வேகம் எடுத்தது, அவள் கொஞ்சம் ஏறினாள். அவர் சீப்பை ஊதிவிட்டு நின்றபோது அவளும் நின்றாள். இடது கை மட்டும் அழுத்திப் பிடித்திருந்தது. ஒருமுறை விரல் வழுக்கி வெள்ளையில் விழுந்தது. கூசுகிற சத்தம். அவள் ஓடவில்லை. அதையே மறுபடி தொட்டாள், மூன்றாவது முறையும் தொட்டாள், பிறகு கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவதுபோலக் கறுப்புக்கு வந்தாள்.

முடிதிருத்துபவர் பேச ஆரம்பித்திருந்தார். வேலை செய்யும்போது பேசுகிற குரல், வாடிக்கையாளருக்கான குரல்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் சாஞ்சுக்கண்ணே."

தையல்காரர் தலையை மெல்லச் சாய்த்துக் கொடுத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கை இரண்டும் வேலையில் இருந்ததால் துடைக்கமுடியவில்லை.

மேலாளர் திரும்பி வந்து வாசலில் நின்றதை நாற்காலியக்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். அடுத்த குடும்பம் வாசலுக்கு வந்துவிட்டது, மழையில் நிற்கிறார்கள். முன்பு என்றால் அவள் கை தானாகப் பொத்தானுக்குப் போயிருக்கும். இப்போது இரண்டு கையும் கட்டைகளின் மேல் இருந்தன. பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நிதானம் எழுந்து போய் மேலாளரின் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். வெளியே என்ன பேசினார்கள் என்று தெரியாது. சற்று நேரத்தில் கதவு சத்தமில்லாமல் திறந்தது. நனைந்த குடைகளோடு அந்தக் குடும்பம் ஒவ்வொருவராக உள்ளே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தது. முதலில் வந்தவர் ஒரு மூதாட்டி. யாரும் சொல்லாமல் அவர்களே உட்கார்ந்துகொண்டார்கள்.

வெட்டி முடிந்தது. பழைய பக்கத்தில் வகிடு எடுத்தார். சவரக்கத்தியால் காதுக்குப் பின்னால் ஒரு கோடு இழுத்தார். மென்மையான தூரிகையால் கழுத்தைத் தட்டிவிட்டார். பிறகு பழக்க தோஷத்தில் பையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து, அண்ணனின் தலைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"சரியா இருக்காண்ணே?"

கேட்ட பிறகுதான் கேட்டது அவர் காதிலேயே விழுந்தது. கண்ணாடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். எடுக்கவும் முடியவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை.

நாற்காலியக்காவின் விரல் வீட்டுக்கு ஒரு கட்டை முன்னால் இருந்தது. ஒரு அடி வைத்தால் முடிந்துவிடும். அவள் வைக்கவில்லை. அந்த ஒரே கட்டையை, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் படுத்திருக்கும் அறையின் கதவைத் தட்டுவதுபோல. தான் முடித்தால் அவர் கண்ணாடியை இறக்கவேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. தான் முடிக்காவிட்டால் அவர் இறக்கவேமாட்டார் என்பதும் தெரிந்தது. திரையை எத்தனையோ பேருக்கு இழுத்திருக்கிறாள். இப்படி ஒருமுறைகூட அவள் கை கனத்ததில்லை.

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். முடிந்தது என்று தனக்காக யாராவது சொல்லமாட்டார்களா என்று கேட்கிற பார்வை.

அவள் வீட்டுக்கட்டையைத் தொட்டாள். ஒரே முறை. ஓசை தானாகத் தேய்ந்து நிற்கும்வரை விரலை எடுக்கவில்லை.

முடிதிருத்துபவர் கண்ணாடியைப் பையில் வைத்தார். வெட்டிய முடி சிந்தாமல் துணியின் நான்கு முனைகளையும் சேர்த்துக் கட்டினார். அண்ணனின் நெற்றியில் புறங்கையை வைத்துவிட்டு எடுத்தார். அதற்குப் பிறகுதான் அவள் எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

போகும்போது அவர் வாசலில் அவளருகே நின்றார். நன்றி சொல்லத் தெரியாமல் வேறு ஏதோ சொன்னார்.

"ரேடியோவுல ஒரு பாட்டையும் முழுசா கேக்க விடமாட்டாரும்மா எங்கண்ணன். பாதியிலயே திருப்பிடுவாரு. அதுக்கே எங்களுக்குள்ள தினமும் சண்டை." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னைக்குத்தான் பேசாம கேட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து, கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தையல்காரர் அவர் தோளில் கை போட்டு மழைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் வீட்டில் கணவர் அதை வாசித்துக் காட்டச் சொன்னார். நாற்காலியக்கா உட்கார்ந்தாள். இடது கை பழைய இடத்துக்குப் போனது, வலது கை எங்கெங்கோ நடந்தது, எதுவும் அதுவாக இல்லை. மகளும் வந்து நின்றாள். அன்றைக்கு வாசித்தது அன்றைக்கே போய்விட்டது என்று நாற்காலியக்கா சொன்னாள். எழுதி வைத்திருக்கலாமே அம்மா என்றாள் மகள். எழுதத் தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தில் கை எங்கே சும்மா இருந்தது என்றாள் இவள். மகள் ஒரு கறுப்புக் கட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, எனக்கு அப்படி ஒருதடவைகூட வந்ததில்லை என்றாள்.

ஆனால் அந்த முற்பகலில் வேலை அதோடு முடிந்துவிடவில்லை. கீழே வைத்த ஜாடியை அவள் எடுப்பதற்குள் அடுத்த குடும்பத்துப் பெட்டி மேடைக்கு வந்துவிட்டது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மூதாட்டி எழுந்து முன்னால் வந்தார். இறந்தவர் அவர் கணவர். எங்களுக்கும் வாசிப்பாயா என்று கேட்டார். நாற்காலியக்கா அவரை உட்காரவைத்துத் தானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குப் பாட்டு தெரியாதும்மா, ஐயா எப்படிப் பேசுவார் என்று சொல்லுங்கள், அதை வைத்து ஏதாவது செய்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு அவள் எல்லாரிடமும் கேட்கப்போகிற கேள்வி அது. அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள்.

மூதாட்டி யோசித்தார்.

"அவரா? அவர் எங்கம்மா பேசினார். ‘ம்’ம்பார். அதுக்கப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு இன்னொரு ‘ம்’."

நாற்காலியக்கா பியானோவுக்குப் போனாள். தாழ்ந்த கறுப்புக் கட்டை ஒன்றைத் தொட்டாள். தொட்டுவிட்டு, மழைச் சத்தம் உள்ளே வரும்வரை பேசாமல் இருந்தாள்.